அந்த மூன்று வினாடியை அவர் எண்ணட்டும்

மணக்காடு, திருவனந்தபுரம்
வெள்ளிக்கிழமை தொடங்கி எழுதுகிறேன்

அன்பு மகள் பொன்செல்விக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் அண்ணன் பிரஜினும் மதினி அனுஷாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே பெர்த்தில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்கு உறங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை வேறு யாரும் எழுதித் தரவில்லை, முழுக்க உன் அப்பாவின் கை. ஒன்றரை வருஷமாக அனுஷா சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வேலை முடிந்து வந்து, காப்பி குடித்த கையோடு எனக்குப் பாடம் எடுக்கிறாள் என்பது உனக்குத் தெரியும், ஆனால் கடிதம் எழுதும் அளவுக்கு வந்துவிட்டேன் என்று உனக்குத் தெரியாது. ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுது ஆகிறது. எழுபத்திரண்டு வயதில் எனக்கு வேறு என்ன அவசரம். எழுதி முடித்ததும் அனுஷா போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், தாளைத் தனியாகத் தபாலிலும் போடப் போகிறேன், தபால்காரர் கையில் என் கடிதத்தைக் கொடுக்கும் சந்தோஷம் எனக்கு வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பிரஜினுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. பின்பக்கத்து ஓடு இந்த மழைக்கும் ஒழுகியது, மாற்றியாகிவிட்டது. போன வாரம் பத்மநாபசாமி ஆராட்டுக்குப் போனோம், சாமி கடலில் நீராடப் போகிற வழியில் விமானம் ஓடுகிற பாதையைக் கடந்து போவதைப் பார்த்ததும் அம்மாவுக்கு உன் நினைவு வந்து அங்கேயே அழுதுவிட்டாள். நீ மூன்று ஞாயிறுக்கு முன்னால் போனில் சொன்னதிலிருந்து அவள் இப்படித்தான் இருக்கிறாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அது இன்னும் இறங்கவில்லை, இறங்கவிடவும் மாட்டேன். இந்த மூன்று வாரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், பதினான்காம் தேதிக்கு முன்னால் இதை நீ வாசித்தாக வேண்டும்.

முதலில் நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். சுரங்கத்துக்குச் சாமான் கொண்டுபோகிற சிறிய விமானம். அதை ஓட்டுவது கம்ப்யூட்டர் மூளை, கம்பெனியில் அதற்குக் கேப்டன் என்றே பெயர். நீ பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், உனக்குக் காவல் பைலட் என்று பெயர். கேப்டனுக்கு எதற்குக் காவல் என்று நான் அப்போதே கேட்டேன், நீ சிரித்தாய். விபத்து நடந்த அன்றைக்கு மழை பெய்து ஓய்ந்த காலை, ஓடுபாதைக்கு இந்தப் பக்கம் உப்புத் தரையில் தண்ணீர் நீளமாகத் தேங்கி வெயிலில் மின்னியிருக்கிறது, அதைப் பாதை என்று நினைத்து மெஷின் இறங்கத் தொடங்கியது. இருநூறு அடி உயரத்தில் நீ அதைத் தள்ளிவிட்டுக் கையால் ஓட்டி, மேலே தூக்கித் திருப்பி, நிஜப் பாதையில் இறக்கினாய். திருப்பிய வேகத்தில் வேலிக் கம்பத்தில் இறக்கை உரசி, இறங்கும்போது முன் சக்கரம் உடைந்தது. உனக்கும் பின்னால் உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்கும் ஒரு கீறலும் இல்லை. இதற்கு முன்பும் இரண்டு முறை அந்த மெஷின் தண்ணீரைப் பார்த்துத் தடுமாறியதை நீ தேதி போட்டு எழுதி அனுப்பியிருந்தாய், பதில் வரவில்லை. அடுத்த மாதம் ஆள் இல்லாமலே ஓட்டுவதற்கு அரசாங்க அனுமதி வரப்போகிறது, அதனால் இப்போது மெஷின் மேல் குறை எழுத அவர்களுக்கு மனம் இல்லை. நீ அவசரப்பட்டுக் கை வைத்ததால்தான் சேதம் என்று ஒரு தாள் எழுதி, பதினான்காம் தேதிக்குள் கையெழுத்துப் போடு என்கிறார்கள். போட்டால் தரையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, போடாவிட்டால் வீடு. இவ்வளவுதானே.

அந்தத் தாளில் இருப்பதை நீ தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாய். "இன்னும் மூன்று வினாடி காத்திருந்தால் விமானம் தானாகவே மேலேறியிருக்கும்" என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் அதைவிட மோசம். "ஒருவேள நான் மூணு செகண்டு பொறுத்திருக்கலாமோப்பா, எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு" என்றாய். சொந்தக் கையை நீ சந்தேகப்படும்படி செய்துவிட்டார்களே என்று இருந்தது. அந்த வரியை வேறு யாரோ வாயால் முன்பே கேட்டிருக்கிறேன் என்று அன்று முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது, விடிந்ததும் ஞாபகம் வந்துவிட்டது. அம்மாவிடம் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.

உனக்கு இது தெரியாது, உங்கள் யாருக்கும் நான் சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முன்னால் நான் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரன் இல்லை, வின்ச் ஓட்டுகிறவன். தம்பானூரில் ஐந்து மாடி லாட்ஜ் கட்டினார்கள், காங்கிரீட் தொட்டியைக் கம்பிவடத்தில் மேலே ஏற்றுவது என் வேலை. தொட்டி உச்சிக்குப் போனதும் தானே நிற்பதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. அது வேலை செய்யவில்லை என்று ஒரு வாரமாகக் காண்டிராக்டரிடம் சொன்னேன். காண்டிராக்டர் அழகியநம்பி, நம் திருநெல்வேலிப் பக்கம்தான், திருக்குறுங்குடி. "அது தானா நிக்கும்டே, நீ லிவரத் தொடாம சும்மா இரி" என்றான். ஒருநாள் தொட்டி நிற்காமல் போனது. உச்சியில் பலகை மேல் இரண்டு பேர் நின்றார்கள், இன்னும் ஒரு முழம் போனால் கப்பிச் சட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து கீழே வரும். நான் கைப் பிரேக்கை இழுத்தேன். வடம் வெட்டி இழுத்ததில் தொட்டி சரிந்து காங்கிரீட் கொட்டியது, கீழே நின்ற பால்பாண்டிக்கு இடது கால் போயிற்று. பால்பாண்டி என்னோடு ஒரே அறையில் தங்கி ஒரே பானையில் சோறு பொங்கியவன். மறுநாள் அழகியநம்பி ஒரு தாளைக் கொண்டுவந்து, "பால்பாண்டிக்கு ஆஸ்பத்திரியில பாக்கணும்லா, அதுக்கு உள்ள தாளு, விரல வையி" என்றான். வைத்தேன். நகல் ஒன்று எனக்கும் கொடுத்தான், அவ்வளவு நேர்மை. அதற்குப் பிறகு ஒருவரும் எனக்கு வின்ச் தரவில்லை, பால்பாண்டி தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனான். என் கையால் அவன் கால் போனது, அதனால் பேசவில்லை என்று நானே நினைத்துக்கொண்டேன். பிறகு இருபத்தாறு வருஷம் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கினேன். அந்தத் தாளை வெட்கத்தால் யாரிடமும் காட்டவில்லை, உன்னிடம்கூட. நீ ஒரு நிமிஷத்தில் வாசித்திருப்பாய்.

இப்போது நானே வாசித்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது, ஆனாலும் எழுத்து தெளிவு. முக்கால் மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரி என்ற சொல்லே அதில் இல்லை. "பொறுத்திருந்தால் வின்ச் தானாக நின்றிருக்கும், சொரிமுத்து அவசரப்பட்டுக் கையால் பிரேக் போட்டதே விபத்துக்குக் காரணம், இதை நானே ஒப்புக்கொள்கிறேன்" என்று இருந்தது, கீழே என் கட்டைவிரல். பொன்செல்வி, அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள், ஆனால் எனக்கு வந்தது சந்தோஷம் என்று சொன்னால் நம்புவாயா. எதிரி எங்கே இருக்கிறான் என்று முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு தெரிந்துவிட்டதே. அவன் உயிரோடு வேறு இருக்கிறான், சாலையில், மூன்று மாடி ஹார்டுவேர் கடை வைத்துக்கொண்டு.

மறுநாள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு பதினொரு மணிக்குப் போனேன், அதுதான் கடையில் ஆள் நெரிகிற நேரம். மகன் வியாபாரத்தைப் பார்க்கிறான், அழகியநம்பி வாசல் பக்கம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். என்னை அடையாளம் தெரியவில்லை, "என்ன அண்ணாச்சி, ஆணியா கம்பியா" என்றான். "ஒரு தாள் வாசிக்கணும், நீங்க எழுதினதுதான்" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று வாசிக்கத் தொடங்கினேன். எனக்கு வேகமாக வாசிக்கத் தெரியாது, அது அன்றைக்கு எவ்வளவு உதவியாக இருந்தது தெரியுமா. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, உரக்க, நிறுத்தி நிறுத்திப் போனேன். இரண்டாவது வரியில் அவனுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. "ஏ, நாளைக்கு வாரும் வே, ஆளு நிக்குல்லா" என்றான். பெயிண்ட் டப்பா இறக்கிக்கொண்டிருந்த சுமட்டுக்காரர்கள் எல்லாம் என்னோடு வேலை செய்தவர்கள், அதில் ஒருவன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "மொதலாளி ஒண்ணு மிண்டாதெ இரி, அண்ணாச்சி வாயிச்சு தீரட்டே" என்று அவன் வாயை அடைத்தான். வாசித்து முடிக்க அரை மணிக்கு மேல் ஆனது. முடித்ததும் தாளை மடித்து வைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாளும் அதே பதினொரு மணி. மூன்றாம் நாள் போகும்போது கரிமடத்துக்குப் போய்ப் பால்பாண்டி வீட்டு வாசலில் நின்று, ஒரு தாள் வாசிக்கப் போகிறேன், உன் கால் சம்பந்தப்பட்டது, வந்தால் வா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ஆட்டோவில் வந்து இறங்கினான். கோலை ஊன்றிக்கொண்டு முழுவதும் கேட்டான். பிறகு "அந்தப் பொறுத்திருந்தால்னு வருதே, அதை இன்னொரு தடவ வாசி" என்றான், வாசித்தேன். அவன் அழகியநம்பியை ஒன்றும் சொல்லவில்லை, என்னைத்தான் வைதான். "இதுல விரல வச்சியால, உனக்குக் கண்ணு எங்கல போச்சு, நீயே ஒத்துக்கிட்டேன்னு இவன் தாளைக் காட்டுனதுனாலதானே நான் உன் மூஞ்சில முழிக்கல" என்றான். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு அவன் வாயால் வாங்கிய வசவு, எனக்குத் தேன் மாதிரி இருந்தது. நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் இரண்டு பேருமாகப் போனோம். நான் கொஞ்சம் வேகமாக வாசிக்கப் பழகிவிட்டேன் என்று பால்பாண்டிக்கு வருத்தம், "மெல்ல வாசில, பஸ்ஸுக்கா போகணும்" என்பான்.

ஆறாம் நாள் நாங்கள் போகும்போதே இரண்டு நாற்காலி போட்டிருந்தது, டீ வந்தது. நாங்கள் உட்காரவும் இல்லை, டீயைத் தொடவும் இல்லை. "உங்களுக்கு என்னதான் வேணும், சொல்லுங்க வே, மகனுக்கு முன்னால தலை காட்ட முடியல" என்றான். நடந்ததை உன் கையால் எழுது என்றேன். கடைத் தாளிலேயே எழுதினான். காங்கிரீட் போடுகிற நாட்களில் அந்தச் சுவிட்ச் அடிக்கடி தொட்டியை நிறுத்தி வேலையைத் தாமதப்படுத்தியது, அதனால் நானே ஒயரைக் கழற்றிப் போட்டிருந்தேன், சொரிமுத்து சொன்னபோதும் மாட்டவில்லை, அவன் கைப் பிரேக் போடாவிட்டால் மேலே நின்ற இரண்டு பேர் இருந்திருக்க மாட்டார்கள் என்று எழுதினான். கேட்டாயா, ஒயரே இல்லை. மூன்று வினாடி இல்லை, முந்நூறு வினாடி பொறுத்திருந்தாலும் அது நின்றிருக்காது. இதைத் தெரிந்துகொண்டேதான் பொறுத்திருந்தால் நின்றிருக்கும் என்று எழுதி என் விரலை வாங்கினான். மூட்டை தூக்கிய காலமெல்லாம் இந்த வலது கையைப் பார்த்துக் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்று கேட்டிருக்கிறேன், நீ போனில் கேட்டாயே, அதே கேள்விதான்.

எழுதி முடித்துக் கையெழுத்துப் போடப் போனான். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டேன். கையெழுத்து வேண்டாம், விரலை வை என்றேன். "நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானவன் வே, கையெழுத்துப் போடுதேன்" என்றான். விரலை வை என்று மறுபடியும் சொன்னேன். பில்லுக்கு முத்திரை குத்துகிற ஊதா மை டப்பா பக்கத்தில் இருந்தது, பால்பாண்டி அதைத் திறந்து அவன் முன்னால் வைத்தான். கடை முழுக்க ஆள், அவன் மகன் குனிந்துகொண்டு ஆணி எடைபோடுகிற மாதிரி நின்றான். வைத்தான், பொன்செல்வி. இடது கட்டைவிரல், அழுத்தமாக. வேட்டியில் துடைத்தான், மை வேட்டிக்கும் போயிற்று, விரலை விட்டும் போகவில்லை. வரும் வழியில் பழவங்காடியில் பதினொரு தேங்காய் விடலை போட்டேன், ஒவ்வொன்றையும் அவன் பெயரைச் சொல்லித்தான் உடைத்தேன், அம்மாவிடம் உன் பெயருக்கு என்று சொல்லியிருக்கிறேன், நீ காட்டிக்கொடுத்துவிடாதே. அவள் இப்போது விட்டுவிடுங்கள், வயசான ஆள், பாவம் என்கிறாள். நான் விடவில்லை. இப்போதும் சாலைப் பக்கம் போனால் அந்த வாசலில் ஒரு நிமிஷம் நின்று, இரண்டு இஞ்ச் ஆணி என்ன விலை என்று கேட்டுவிட்டு, வாங்காமல் வருகிறேன். மன்னிக்கிற வயதுதான் எனக்கு, ஆனால் இது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், கவனமாக வாசி. மெஷின் மேல் எனக்குப் பகை கிடையாது. பெரிய விமானங்கள்கூடப் பாதி வழி தானே பறக்கின்றன என்று நீதான் சொன்னாய், பிரஜின் வேலை செய்கிற துறைமுகத்தில் கிரேனை அறைக்குள் உட்கார்ந்தே நகர்த்துகிறார்கள், நல்லதுதான். வின்ச் சுவிட்சும் ஒயர் இருந்தவரை ஒழுங்காகத்தான் நிறுத்தியது. ஆராட்டு அன்றைக்கு அம்மா ஒன்று சொன்னாள், சாமி வருகிறார் என்று அந்த ஓடுபாதையில் விமானங்களை நிறுத்தி வைக்க ஒரு மனுஷன்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது என்று. எனக்குப் பகை, மெஷினுக்காகப் பொய் எழுதுகிறவன் மேல். உன் விமானம் மூன்று வினாடியில் மேலேறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது, ஆனால் தெரியும் என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் நீ இப்படிப் பதில் எழுது. மழை பெய்து அந்த உப்புத் தரையில் தண்ணீர் நிற்கிற ஒரு காலையில், அதே விமானத்தில், அதே கேப்டனை ஓட்டவிட்டு, இந்தத் தாளை எழுதிய மேனேஜர் என் இடத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரட்டும், இருநூறு அடியில் அந்த மூன்று வினாடியை அவர் வாய்விட்டு எண்ணட்டும், எண்ணி முடித்து இறங்கி வந்து பேனாவை நீட்டட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுது. இங்கிலீஷில் நல்ல மரியாதையாக எழுது, மரியாதையாக எழுதினால் இன்னும் எரியும். முன்னால் இரண்டு முறை நீ எழுதி அனுப்பினாயே, அந்த இரண்டையும் தேதியோடு சேர்த்து வை. விமான விபத்தை விசாரிக்கிற அரசாங்க ஆபீஸ் அங்கே இருக்கும், அதற்கு ஒரு நகல், அனுமதி கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு நகல். பின்னால் இருந்த மெக்கானிக்கிடம் கேட்டுப் பார், அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாயே.

வேலை போகும். அது தெரிந்துதான் எழுதுகிறேன். அரசாங்க உதவியில் நீ படித்த படிப்பு, அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு முதலில் வந்து நின்ற அன்றைக்கு இந்தத் தெருவே நம் வாசலில் இருந்தது. அது போனால் எனக்கும் வலிக்கும். தரையில் உட்கார்கிற வேலையாவது மிஞ்சும் என்றாய். எனக்கும் அன்றைக்கு வேலை மிஞ்சியது, முதுகில் மூட்டை மிஞ்சியது, நான் படிக்காதவன், தெரியாமல் விரலை வைத்தேன். நீ ஒவ்வொரு எழுத்தும் தெரிந்து போடப் போகிறாய், அதற்குப் பிறகு அந்தக் கையைப் பார்க்க முடியாது உனக்கு. வேலை போனால் வந்துவிடு. உன் கட்டில் அப்படியே கிடக்கிறது, அம்மா புளிக்குழம்பு வைத்துக்கொண்டு காத்திருப்பாள், பால்பாண்டி மாமா தினமும் சாயங்காலம் டீக்கு வருகிறான், இரண்டு பேரைக் காப்பாற்றிய கையும் வேறு இரண்டு பேரைக் காப்பாற்றிய கையும் ஒரே வீட்டில் இருக்கும். அங்கிருந்து அடுத்த விமானத்தைத் தேடலாம்.

வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே. தலைக்கு எண்ணெய் வை, அம்மா சொல்லச் சொன்னாள். உன் உடம்பும் உன் கையும் எப்போதும் உன் சொல்லைக் கேட்டு இருக்கட்டும், நீ ஏறுகிற எதுவும் உன்னைப் பத்திரமாக இறக்கட்டும், உனக்குக் குழி பறித்தவன் அதைத் தன் கண்ணால் பார்க்கட்டும். பதினான்காம் தேதி வியாழக்கிழமை, மறந்துவிடாதே. அனுப்பியதும் ஒரு நகல் எனக்கும் அனுப்பு, அனுஷா தமிழில் எழுதித் தருவாள், நான் அதைச் சாலையில் வாசிக்க வேண்டும்.

ரேஷன் கடையிலும் பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் இன்றுவரை நான் விரல்தான் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடப் பழகி ஒரு மாதம் ஆகிறது, முதலில் எதில் போடுவது என்று எடுத்து வைத்திருந்தேன். இந்தத் தாள்களை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். எல்லாம் நடந்ததுதான், எல்லாம் நான் எழுதியதுதான். அதனால் போடுகிறேன்.

உன் அப்பா,
சொரிமுத்து